தாளம் யார் கையில்?

மாரியம்மன் நோம்பிக்காக ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை நேரம். வெளியே சாலையில் குச்சிக்கிழங்கு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே அத்தை காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மடியோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய பேரன், ஏழு வயதுப் பையன். தொலைக்காட்சியில் டாமும் ஜெர்ரியும் ஓடிக்கொண்டிருந்தன. அத்தைக்குப் பேச்சுப் புரிய வேண்டிய அவசியமே இல்லாத படம் அது. பூனையின் தலையில் இஸ்திரிப் பெட்டி விழுந்தது. அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில் பையன் எதையோ அழுத்திவிட்டான் போலிருக்கிறது. சத்தம் நின்றுவிட்டது, படம் மட்டும் ஓடிற்று. பையன் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நானும் அத்தையும் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூனையின் வால் கதவிடுக்கில் நசுங்கிற்று. பல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஒரு கோடாரி வந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அத்தையின் முகம் மாறிவிட்டது.

"அட பாவமே, அந்தப் பூனையைப் போட்டு இந்த அடி அடிக்கறாங்களே! அதுக்கு வலிக்காதா, கண்ணு?" என்றாள்.

"அது கார்ட்டூன் அப்பாயி" என்றான் பேரன், திரும்பிப் பார்க்காமலே.

"கார்ட்டூனா இருந்தா என்ன? உசுருதானே?"

சத்தம் திரும்பி வந்தது. பூனை மறுபடியும் அடி வாங்கிற்று. அத்தை மறுபடியும் சிரித்தாள். தான் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி அவளுக்கு நினைவில்லை. எனக்கு மட்டும் அது மறக்கவில்லை. ஒரே பூனை, ஒரே அடி. சங்கீதம் இருந்தால் சிரிப்பு, இல்லாவிட்டால் இரக்கம். அப்படியானால் நம்முடைய இரக்கத்தின் சாவி எங்கேயோ ஒரு வாத்தியக்காரரின் கையில் அல்லவா இருக்கிறது?

அந்த வாத்தியக்காரர்கள் யார் என்று பார்த்தால் கதை சுவாரசியமாகத்தான் இருக்கிறது. 1928ஆம் வருஷம் வால்ட் டிஸ்னி தம்முடைய எலியைப் பேசும் படமாக்க நினைத்தார். சித்திரத்துக்குச் சத்தம் பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது. வில்பிரட் ஜாக்ஸன் என்ற இளம் உதவியாளரின் தாயார் பியானோ சொல்லிக்கொடுப்பவர். வீட்டில் மெட்ரனோம் என்ற தாளக் கருவி இருந்தது. அவர் ஒரு கணக்குச் சொன்னார். பேசும் பிலிமில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 12 படங்களுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு இரண்டு தட்டு. 8 படங்களுக்கு ஒன்று என்றால் மூன்று தட்டு. தாளத்தை முதலில் வகுத்துக்கொண்டு, எலியின் கால் தரையில் படும் படத்தை அந்தத் தட்டில் வரும்படி எழுதிவிட்டால் போதும். பரீட்சை பார்ப்பதற்காக ஒரு துணியைக் கட்டிப் படத்தை ஓட்டி, அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் வாய்வாத்தியம் ஊத, மற்றவர்கள் பாத்திரம் தட்டினார்களாம். அந்த வருஷம் நவம்பர் 18ஆம் தேதி நியூயார்க்கில் 'ஸ்டீம்போட் வில்லி' வெளியாயிற்று. மறு வருஷம் 'எலும்புக்கூடு நடனம்' என்ற படம். அதன் யோசனையைச் சொன்னவர் கார்ல் ஸ்டாலிங். மௌனப் பட காலத்தில் கான்ஸாஸ் நகரத்துக் கொட்டகையில் ஆர்கன் வாசித்தவர்.

இந்த ஸ்டாலிங் பிறகு வார்னர் கம்பெனிக்குப் போய் 1936 முதல் 1958 வரை, ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில், 600 படங்களுக்குக் கிட்டத்தட்ட இசை அமைத்தார். ஒவ்வொன்றும் ஏழு நிமிஷந்தான். அந்த ஏழு நிமிஷத்துக்கு ஐம்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா! முயல் படியேறினால் குழல் ஏறும். மலையிலிருந்து விழுந்தால் வயலின்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும். காதில் ஒரு டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர்கள் வாசித்தார்கள். பிலிம் ஓட்டத்தோடு பிசகாமல் இருக்க அது ஒரு உபாயம். நடக்கிற காலைச் சங்கீதம் அப்படியே பின்பற்றுவதற்கு அந்த ஊர் சினிமாக்காரர்கள் எலியின் பெயரையே வைத்து, சற்றுக் கேலியாக, 'மிக்கி மவுஸ் செய்வது' என்று சொல்வார்கள். வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் எனக்கு அது வேண்டியிருக்கும்.

அத்தையைச் சிரிக்கவைத்த பூனைக்கு இசை அமைத்தவர் வேறொருவர்: ஸ்காட் பிராட்லி. எம்.ஜி.எம். கம்பெனியில் வில்லியம் ஹன்னாவும் ஜோஸப் பார்பராவும் 1940இல் தொடங்கி 114 படங்கள் எடுத்தார்கள்; ஏழு ஆஸ்கர் பரிசு வாங்கினார்கள். அந்தப் பூனையும் எலியும் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆகவே பேச்சு செய்ய வேண்டிய வேலையையும் பிராட்லியின் வாத்தியங்களே செய்தன. பூனையின் நயவஞ்சகத்துக்கு ஒரு வாத்தியம், பயத்துக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. வலிக்கு மட்டும் மனிதக் குரல் தேவைப்பட்டது. பூனை அடி வாங்கி அலறுகிறதே, அந்த அலறல் டைரக்டர் ஹன்னாவுடையது. அடிக்கும் ஏற்பாட்டைச் செய்தவரே அடிபட்டவருக்காகவும் அலறினார் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கலைக்கு வித்துப் போட்டவர்கள் உண்டு. பால்கே 1915இலேயே தீக்குச்சிகளை நடமாடவிட்டு ஒரு சிறு படம் எடுத்திருக்கிறார். அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் 1956இல் கார்ட்டூன் பிரிவு ஒன்று தொடங்கியபோது, டிஸ்னியிடம் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து நம் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அங்கே 1957இல் செய்த படம் ஆலமரத்து மானைப் பற்றிய ஜாதகக் கதை. பலிபீடத்துக்குப் போக வேண்டிய சினைமானுக்குப் பதிலாகத் தன் தலையைக் கொண்டுபோய் வைக்கிறது ஓர் அரச மான். அமெரிக்காவில் ஒருவரை ஒருவர் தட்டையாக நசுக்கிக்கொண்டிருந்த அதே கலை, இங்கே வந்ததும் பிறர் துன்பத்தைத் தான் வாங்கிக்கொள்ளும் கதையை எடுத்துக்கொண்டது. இதைச் சொல்லி நான் மார்தட்டிக்கொள்ளப் போவதில்லை. மான் கதையைப் பார்த்து மனம் நெகிழ்ந்த நாம்தாம் பூனை அடி வாங்கும்போது சிரிக்கிறோம். இரண்டும் ஒரே மனந்தான்.

சிரிப்பதற்கு மனம் சற்று நேரம் மரத்துப்போக வேண்டும் என்ற கருத்தை பிரெஞ்சுத் தத்துவாசிரியர் பெர்க்ஸன் 1900இல் எழுதிய நூலில் விளக்கியிருக்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று நடன மண்டபம். காதைப் பொத்திக்கொண்டு ஆடுகிறவர்களைப் பாருங்கள், அத்தனை பேரும் கோமாளிகளாகத் தெரிவார்கள் என்கிறார். அவர் கணக்கில் சங்கீதம் போனால் சிரிப்பு வருகிறது. அத்தை வீட்டில் சங்கீதம் போனதும் சிரிப்பு நின்றது. இரண்டும் முரண் அல்ல என்றே நினைக்கிறேன். இசை இருக்கும் வரையில் ஆடுகிறவனோடு நாமும் ஆடுகிறோம். அது போனதும் வெளியே நின்று பார்க்கிறோம். வெளியே நின்று பார்ப்பவனுக்கு ஆட்டம் அபத்தமாகத் தெரியும்; அடி அடியாகத் தெரியும்.

நம் தொல்காப்பியரும் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று மெய்ப்பாட்டியலில் கூறும் அவர், முதலாவதாக வைப்பது எள்ளல். பிறகுதான் இளமை, பேதைமை, மடன். அழுகை பிறக்கும் இடங்களிலும் முதலாவதாக வருவது இளிவு. ஒருவனை எள்ளினால் அங்கே நகை. எள்ளப்பட்டவன் பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே இளிவு, அதாவது அழுகை. ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள்.

அப்படியானால் அடியைக் கண்டு சிரிப்பதே பாவமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வராது. கட்டியங்காரன், எங்கள் ஊர்ப் பேச்சில் கோமாளி, மேடைக்கு வந்தால் ராஜா உதைப்பார், ராணி துரத்துவாள். அவன் விழும்போது மத்தளம் ஒரு 'தொம்' கொடுக்கும். பச்சைக் குழந்தைகூடக் கெக்கலி கொட்டிச் சிரிக்கும். தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஒருவனை ஒருவன் அறைந்துகொள்ளாத இரவு உண்டா? ஸ்டாலிங்கும் பிராட்லியும் செய்த வேலையை, மத்தளக்காரர்கள் இரவெல்லாம் கண்விழித்து இங்கே செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் கோமாளியைக் கவனித்துப் பாருங்கள். விழுவதற்கு முன்னால் அவன் மத்தளக்காரரைத் திரும்பிப் பார்க்கிறான். சில சமயம் விழுந்த பிறகு, "என்ன அண்ணே, இவ்வளவுதானா சத்தம்? இன்னொரு தரம் விழுறேன், நல்லா அடிங்க!" என்று சண்டை போடுகிறான். மத்தளக்காரரும் விடுவதில்லை, பதில் கொடுக்கிறார். தாளம் அவன் கேட்டு வாங்குவது. ராஜாவின் மீசையைக் கேலி செய்யும்போதும் அதே தாளத்தைத்தான் வாங்கிக்கொள்கிறான். உதை வாங்குகிறவன் அவன். ஆனால் அன்றைய இரவு முழுக்க அவனுடையது. அதனால்தான் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு மனத்தில் கறை எதுவும் இருப்பதில்லை.

இந்த வழக்கம் கூத்திலிருந்து சினிமாவுக்குப் போனபோதுதான் ஒரு மாறுதல் ஏற்பட்டது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. இன்று ஏற்காடு சாலையில் அதன் வளைவு மட்டும் நிற்கிறது. அங்கேயானாலும் சென்னையிலானாலும் சினிமாவில் பின்னணி இசை பின்னால் சேர்ப்பது. ஹாஸ்ய நடிகர் விழுந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த விழுகைக்கு என்ன சத்தம் என்று வேறொரு நாள், வேறோர் அறையில், வேறொருவர் தீர்மானிப்பார். விழுந்தவனுக்கும் தாளத்துக்கும் நடுவில் இருந்த பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது. திக்குவாய்க்காரன் பேசினால் ஒரு 'டொய்ங்'. பருத்த பெண் நடந்து வந்தால் ஒரு பெரிய குழல். கறுத்த பெண் வெட்கப்பட்டால் ஒரு வழுக்கல். அவர்கள் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாங்கவில்லை.

கார்ட்டூனிலும் இதே கதை நடந்திருக்கிறது. டாம் பூனை வாழும் வீட்டில் ஒரு கறுப்பு இனப் பணிப்பெண் வருவாள். 1940 முதல் 1952 வரை வந்த படங்களில் அவளுடைய காலுறையும் செருப்பும் கையில் துடைப்பமும் தெரியும். முகத்தைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ப் என்ற நல்ல நடிகை. இப்படித் தங்களைக் காட்டுவதைக் கறுப்பு இன மக்களின் சங்கம் கண்டித்தது. பின்னாளில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவள் உருவத்தையே அழித்து வேறொரு பெண்ணை வரைந்துவிட்டார்கள். வார்னர் கார்ட்டூன்களில் இன இழிவு மிகுந்த பதினொரு படங்களை, அவற்றின் உரிமையை வைத்திருந்த கம்பெனி 1968இல் ஒளிபரப்பிலிருந்து நிறுத்திவைத்தது. அவற்றில் சிலவற்றின் சங்கீதம் ஜாஸ் ரகம். யாருடைய சங்கீதமோ அவர்களையே அந்தச் சங்கீதத்துக்கு ஆடவிட்டுப் பரிகசித்தார்கள். தாளம் அவர்களுடையது, ஆனால் அவர்கள் கையில் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். இனி என் பங்குக்கு வருகிறேன். எதற்காக இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது என்று சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை யோக்கியமானது ஆகாது.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது எங்களோடு ஒரு பையன் இருந்தான். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப்போனவன். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு ஓர் அடி, பிறகு உடம்பை வீசி ஓர் அடி என்று நடப்பான். அவன் நடையைப் பார்த்து எங்களில் யாரும் சிரித்ததில்லை. உண்மையைச் சொன்னால், பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவின் மூடியில், அவன் அடி வைக்க வைக்க நான் தட்டினேன். தாம் – தகதக, தாம் – தகதக. பிசகாமல் பொருந்திற்று. எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. அவன் வாசலில் தலைகாட்டினால் பத்து மூடிகள் தயார். மிக்கி மவுஸ் செய்வது என்றார்களே, அதைத்தான் நான் செய்தேன். பெயர் அப்போது தெரியாது.

ஒரு நாள் அவன் நடுவில் நின்றுவிட்டான். நாங்களும் கையை ஓங்கியபடி நின்றோம். அடி விழுந்தால்தானே தாளம்? அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. எப்போது நிறுத்துவீர்கள் என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பது போலிருந்தது. அந்த நிசப்தத்தில் எங்களில் ஒருவனுக்கும் சிரிப்பு வரவில்லை. நல்ல கதையாக இருந்தால் அன்றோடு நாங்கள் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. மறுநாள் மறுபடியும் தட்டினோம். வருஷ முடிவில் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான், அதனால்தான் நின்றது.

அத்தை கேட்டாளே, "அதுக்கு வலிக்காதா?" என்று, அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றாமல் செய்தது எங்கள் கொடூரம் அல்ல, நாங்கள் சாதாரணப் பிள்ளைகள். அந்தத் தாளந்தான் செய்தது. தாளத்துக்குப் பொருந்தியவுடன் அவன் நடை அவனுடையதாக இல்லாமல் போயிற்று. அது எங்கள் பாட்டின் ஒரு பகுதி ஆகிவிட்டது.

ஆகவே எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: தாளம் யார் கையில்? கோமாளியின் உதைக்குச் சிரிக்கலாம். தாளம் அவன் கையில் இருக்கிறது. அப்படியானால் டாம் பூனைக்கு ஏது கை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூனை தாளத்தைக் கேட்டு வாங்கவில்லைதான். ஆனால் பூனைக்கு வீடு இல்லை. கொட்டகையை விட்டு வெளியே வரும் கூட்டத்தில், 'திரையில் அடி வாங்கியவன் நான்' என்று தலைகுனிந்து நடக்க ஒரு டாம் கிடையாது. அந்தப் பணிப்பெண்ணைப் போல உடுத்தி, பிறர் வீட்டில் பெருக்கிவிட்டு, கூலிப் பணத்தில் படம் பார்க்க வந்தவள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பாள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அதோடு, அந்தப் பூனைக்கு ஒரு பெரிய கௌரவமும் கிடைத்திருக்கிறது. 1947இல் வந்த 'பூனைக் கச்சேரி'யில் டாம் பெரிய வித்துவானைப் போல உடுத்திக்கொண்டு லிஸ்ட் என்ற மேதையின் பாடலைப் பியானோவில் வாசிக்கிறது. உள்ளே தூங்கிய எலி எழுந்து வந்து எத்தனையோ இடைஞ்சல் செய்கிறது. விரல் நசுங்குகிறது, பூனை வாசிப்பதை நிறுத்துவதில்லை. முடிவில் பூனை களைத்து விழ, கைதட்டலை எலி வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் அந்த ஏழு நிமிஷம் தாளம் பூனையின் கையில்தான் இருந்தது. அந்தப் படத்தைச் சத்தமில்லாமல் பார்த்தால்கூட எனக்கு இரக்கம் வராது, மரியாதைதான் வரும்.

கதை எழுதுகிறவனுக்கும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பில்லை. வாக்கியத்துக்கும் தாளம் உண்டு. ஒரு வேலைக்காரனையோ, திக்கிப் பேசும் கணக்குப்பிள்ளையையோ கதையில் கொண்டுவரும்போது, துள்ளலாக இரண்டு வாக்கியம் போட்டுவிட்டால் வாசகர் சிரித்துவிடுவார். நானும் போட்டிருக்கிறேன். இப்போது அப்படி ஒரு வாக்கியம் வந்து நின்றால், தாளத்தைக் கழற்றிவிட்டு, வெறும் செய்தியாக ஒரு தரம் எழுதிப் பார்க்கிறேன். அப்படியும் சிரிப்பு மிஞ்சினால் வைத்துக்கொள்கிறேன். 'பாவமே' என்று தோன்றினால் அடித்துவிடுகிறேன்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது அத்தை அதே சுவரில் சாய்ந்திருந்தாள். அதே பூனை ஓடிக்கொண்டிருந்தது. "உட்காரு கண்ணு, இதைப் பார்த்துட்டுப் போ" என்றாள். உட்கார்ந்தேன். பூனையின் தலையில் எதுவோ விழுந்தது. நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், என் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.